அம்மா தலகாணியும் டீத்தூள் கூப்பனும்

கால் கிலோ டீத்தூள் பாக்கெட்டப் பிரிச்சா உள்ள வெரல் அகலத்துக்கு ஒரு சீட்டு இருக்கும். பச்சக் கலர்ல கம்பெனி முத்திரை, அதுக்குக் கீழ ஒரு நம்பரு. அதுதான் கூப்பன். சேத்து வச்சுக் குடுத்தா கம்பெனியில எவர்சில்வர் டம்ளர், தட்டு, குடம்னு குடுப்பாங்க. எங்களுக்கு டம்ளர் எதுக்கு, ஊத்துறதுக்கே ஒண்ணும் இல்லாதப்ப. பூதலூர் கடைத்தெருவுல மளிகைக்கடை வச்சிருந்த பாய்தான் அந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டு. அவருகிட்ட குடுத்தா பாத்திரத்துக்குப் பதிலா பருப்பு, எண்ணெ, சக்கரைன்னு மளிகையாவே குடுத்துடுவாரு. பாத்திரத்த கம்பெனி வேன் வரும்போது அவரு வாங்கி வித்துக்குவாரு. இத அம்மாதான் பேசி முடிச்சிச்சு.

நாங்க டீத்தூள் வாங்கித்தான் கூப்பன் சேக்கணும்னா ஏழு ஜென்மம் ஆகும். அம்மா அடுத்தவங்க குடிச்ச டீயில சேத்துச்சு. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா, எழவு வீடு, அண்டாவுல எங்க டீ போட்டாலும் அம்மா அடுப்படிக்குப் போயி பாத்திரம் கழுவிக் குடுக்கும். கூலி கேக்காது. காலி கவரு மட்டும் கேக்கும். சில ஆளு பாக்கெட்ட அடுப்புலயே போட்டுருவாங்க. அம்மா கைய விட்டு எடுத்துரும். நடவுக்குப் போற எடத்துலயும் அப்படித்தான். நடவு நடுற பொம்பளைங்களுக்குப் பத்து மணி டீ வரும்ல, எல்லாரும் கரையேறி டம்ளர வாங்குவாங்க, அம்மா தூக்குவாளி கொண்டாந்த ஆளுகிட்ட, "கவரு எங்கய்யா?"ன்னு கேக்கும். மத்தவங்க சிரிப்பாங்க.

"அவளுக்கு டீ வேணாம்டி, கவர நக்குனாப் போதும்."

"இவ புருசன் கூப்பனுக்குத்தான் இவளக் கட்டிக்கிட்டு வந்தானாம்."

அம்மாவும் சிரிக்கும். "ஆமா, ஒன்னையப் போல நாலு பேரு சேந்தா ஒரு கரண்டி குடுக்குறாங்களாம், வர்றியா?"ன்னு கேக்கும்.

கட்சிக் கூட்டம்னா அம்மாவுக்குக் கொண்டாட்டம். எங்க பக்கம் ரெண்டு கட்சிதான். இவங்க கூட்டம் போட்டா மறுவாரம் அவங்க போடுவாங்க. மேடையில நெலம் உழுறவனுக்குத்தான்னு பேசுவாங்க. அம்மா மேடைக்குப் பின்னால டீ போடுற எடத்துல குந்தி கவரப் பெறக்கிகிட்டு இருக்கும். நானும் கூடப் போவேன். நான் ஆறாவதோட நின்னுட்டேன். எனக்கு வேற வேல இல்ல.

இவ்வளவு அலையக் காரணம் எங்க வயலுதான். எங்க வயலுன்னா குத்தகை வயலு. அப்பாவோட அப்பா காலத்துலேருந்து சாகுபடி பண்ணுறோம். சொந்தக்காரரு தஞ்சாவூர்ல பங்களாவுல இருக்காரு, ஊருல பெரியவருன்னுதான் சொல்லுவாங்க. குத்தகைய ஆபீசுல பதிவு பண்ணிட்டா அவ்வளவு சுளுவா எறக்க முடியாதுன்னு சட்டம் வந்துச்சு, அப்பா பதிவு பண்ணிட்டாரு. அன்னைக்குப் புடிச்சது சனி. கேசு போட்டாங்க. வாய்தா வாய்தான்னு அப்பா தஞ்சாவூருக்கு நடையா நடந்தாரு. ஊருல எங்கள யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா நடவுக்கு வெளியூருக்குத்தான் போகணும். ஊருக்கடையில கடன் நின்னுபோச்சு. கடைக்காரரு நல்லவருதான். "பெரியவரு காதுக்குப் போயிரும்மா, என்னையப் பாரு"ன்னு அழுவாத கொறையா சொன்னாரு. அந்தப் பெரியவரு வீட்டுலதான் ரெண்டு கட்சிக்காரங்களும் வந்தா சாப்புடுவாங்க. அப்பறம் யாருகிட்ட போய்ச் சொல்றது.

சேத்த கூப்பன அம்மா தலகாணி உறைக்குள்ள வச்சுத் தச்சிருச்சு. டப்பாவுல வச்சா கரையான் வருது, பெட்டியில வச்சா அப்பா பீடிக்கு எடுத்துட்டுப் போயி கடையில மாத்திருவாரு. தலகாணின்னா தலைக்கடியிலயே இருக்கும்ல. தீவாளிக்கு மொத்தமா மாத்தி, கடன் சொல்லாம எண்ணெச்சட்டி வைக்கணும்னு சொல்லிகிட்டே இருந்துச்சு.

வைகாசியில அம்மாவுக்குக் காய்ச்ச வந்துச்சு. விட்டு விட்டு அடிச்சுது. கை வைத்தியம் பாத்தோம், அப்பறம் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரொம்ப முத்திப்போயித்தான் கொண்டு போனோம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாளு அம்மா போயிருச்சு. அதப் பத்தி என்னால எழுத முடியல. கையில வெரல் வெரலா நடவுச் சேத்துப் புண்ணு இருந்துச்சு, அது காயவே இல்ல, அத மட்டும் பாத்துகிட்டே இருந்தேன்.

எங்க பக்கம் ஒரு பழக்கம். செத்தவங்க படுத்திருந்த பாய், தலகாணி, போர்வ எல்லாத்தையும் பாடையோட சுடுகாட்டுக்குக் கொண்டு போயி, வாய்க்காக் கரையில எறிஞ்சிட்டு வந்துருவாங்க. அது திரும்பி வீட்டுக்குள்ள வரக்கூடாது. அம்மாவத் தூக்குன அன்னைக்கு மாமா பொண்டாட்டி, அதான் அம்மாவோட தம்பி பொண்டாட்டி, எல்லாத்தையும் பாயோட சுருட்டிக் கட்டி வெளிய எறிஞ்சாங்க. நான் பாத்தேன். பாத்துகிட்டுத்தான் இருந்தேன். கூப்பன் நெனப்பே வரல. அப்ப எனக்கு எம் பேரு கேட்டாக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

பால் தெளிச்சு முடிச்ச அன்னைக்கு சாயங்காலம் பெரியவரோட காரியஸ்தர் சைக்கிள்ல வந்தாரு. செருப்பக் கழட்டாம வாசல்லயே நின்னாரு. துக்கம் கேட்டாரு. அப்பறம் பேச்ச எடுத்தாரு.

"பதினாறாம் நாளு காரியத்துக்கு என்ன பண்ணப் போற?"

அவரே மேல சொன்னாரு.

"அவ பொறந்த வீட்டு ஆளுங்க வருவாங்க. பருப்பு, எண்ணெ, காய்கறி, வட பாயசம்னு இருக்கு. கடையில ஒனக்கு யாரு குடுப்பா? பெரியவரு மனசு கேக்கல. மொத்தச் செலவையும் பண்ணையில பாத்துக்கறேன்னாரு. நீ ஒரு கையெழுத்துப் போட்டுரு. குத்தகைய விட்டுக் குடுக்குறேன்னு ஒரு வரி. மேட்டூர்ல தண்ணி தெறந்தாச்சு. இந்தக் குறுவைய வேற ஆளு வைக்கட்டும். நீயும் கோர்ட்டு வாசல்ல காயாம நிம்மதியா இரு."

"யோசிச்சுச் சொல்றேங்க"ன்னாரு அப்பா.

எனக்கு அப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பா இதுவரைக்கும் யோசிக்கிறேன்னு அவங்ககிட்ட சொன்னதே இல்ல. அடிக்க வந்தப்பகூட முடியாதுன்னுதான் சொன்னாரு. காரியஸ்தர் போன பின்னாடி கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டுருவீங்களாப்பா?"

"ஒங்கம்மா ஒரு நாளு நல்ல சாப்பாடு சாப்புடல. அவ பேரச் சொல்லி வர்றவங்களுக்காச்சும் போட வேணாமா? என்னால முடியலம்மா. எனக்குத் தெம்பு இல்ல."

"அம்மா சேத்த கூப்பன் இருக்குப்பா. பருப்பு எண்ணெ வாங்குற அளவுக்கு இருக்கு"ன்னு சொல்லிகிட்டே உள்ள ஓடுனேன். அம்மா படுத்த எடத்துல சாணி மொழுகி வெறுந்தரையா கெடந்துச்சு. அப்பதான் எல்லாம் நெனப்புக்கு வந்துச்சு.

அன்னைக்கு இருட்டிப்போச்சு. விடிஞ்சும் விடியாம அப்பாகிட்ட சொல்லாமக் கெளம்பிட்டேன். பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போக மாட்டாங்க. சொன்னா விட மாட்டாரு. பாதி வழியில ஆளுங்க வாய்க்காக் கரையில ஓடுறாங்க. "தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு"ன்னு ஒரே சத்தம். ஒருத்தரு பூவும் மஞ்சளும் கொண்டாந்து வச்சுகிட்டு நிக்கிறாரு. மொதத் தண்ணி நல்லா இருக்காது, நொரையும் செத்தையும் காஞ்ச சருகுமா சுருட்டிகிட்டு வரும். ஊரே வருசம் பூரா இதுக்குத்தான் காத்துக் கெடக்கும். சுடுகாடு வாய்க்கா போற வழியில, கீழ்ப்பக்கமாத்தான் இருக்கு. கோடையில வாய்க்கா காஞ்சு கெடந்ததால கரையில எறிஞ்சதெல்லாம் உள்ளதான் உருண்டு கெடக்கும். தண்ணிக்கு முன்னாடி போயிறணும்னு ஓடுனேன். தண்ணி என்னைய முந்திருச்சு.

நான் போறப்ப மொழங்கால் அளவு ஓடுது. கட்டு அவுந்து பாயி போயிருச்சு. போர்வயும் இல்ல. தலகாணி மட்டும் காட்டாமணக்குச் செடியில மாட்டிகிட்டு ஊறி உப்பிப்போயி கெடக்குது. நான் எறங்குனேன். சேத்துல காலு பொதைஞ்சுச்சு. பின்னால ஒரு கொரலு.

"யாரும்மா அது? பொட்டப்புள்ள இங்க வரலாமா?"

சுடுகாட்டு வேல பாக்குறவரு. அம்மாவுக்குச் செத வச்சவரு அவருதான்.

"எங்கம்மா தலகாணிங்க. அதுக்குள்ள ஒண்ணு இருக்கு."

"நகையா?"

"கூப்பனு."

அவருக்கு ஒண்ணும் புரியல. நான் சொன்னேன். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். அவரு நீளக் கம்பக் கொண்டாந்து செடிய வளைச்சு தலகாணிய இழுத்துக் குடுத்தாரு.

"இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போவக்கூடாதும்மா. தெரிஞ்சா ஒங்க வீட்டாளுங்க ஒன்னையும் உள்ள சேக்க மாட்டாங்க."

"எனக்கு வேற வழி இல்லங்க."

"செரி. நான் இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் பல்லு வெளக்கப் போறேன். நான் ஒண்ணும் பாக்கல"ன்னுட்டு வேப்பங்குச்சிய வாயில வச்சுகிட்டுத் திரும்பி நின்னுகிட்டாரு.

தையலப் பல்லால கடிச்சுப் பிரிச்சேன். பஞ்செல்லாம் சேறு. முகத்துல வச்சுப் பாத்தேன், அம்மா தலை வாசன இருக்கும்னு. ஆத்துத் தண்ணி வாசனதான் வந்துச்சு. கூப்பனெல்லாம் கட்டுக் கட்டா ஒட்டிப்போயி களியாட்டம் இருந்துச்சு. அம்மா ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்துச்சு. நடுவுல இருந்தது கொஞ்சம் தேறும்போல. பாவாடையில கட்டிகிட்டு வீட்டுக்குப் போகாம, ஓடாம கெடந்த ஒரு மோட்டார் கொட்டாய்க்குள்ள போயி ஒக்காந்து ஒண்ணொண்ணா உரிச்சேன். வெங்காயத் தோலு மாதிரி கிழியும். ஊதி ஊதி உரிச்சுத் தரையில பரப்பினேன். வெயில் ஏற ஏறக் காஞ்சு சுருண்டுகிச்சு. நம்பரு அழிஞ்சது அழிஞ்சதுதான். உரிக்கும்போது கிழிஞ்சதுக்கெல்லாம் அழுதேன். அம்மா செத்ததுக்குக்கூட நான் அப்படி வாய்விட்டு அழுவல.

மறுநாளு பூதலூருக்கு நடந்து போனேன். பாய் கடையில ரெண்டு மூணு பேரு நின்னாங்க. எங்க ஊரு பொம்பள ஒருத்தியும் நின்னா. பாய் என்னையப் பாத்ததும், "அம்மா வரலயாம்மா?"ன்னாரு. அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். தராச அப்படியே வச்சுட்டாரு.

"நல்ல மனுசியாச்சேம்மா. ஒரு கிராம் கொறைஞ்சாலும் எங்கிட்ட சண்டை புடிக்குமே."

கூப்பன எடுத்து வச்சேன். அவரு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"இதென்ன இப்படி ஊறிக் கெடக்கு? சேறு வேற. எங்கேம்மா போட்டுட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். மழையில நனைஞ்சிருச்சுன்னா முடிஞ்சுது. எனக்கு அப்ப பொய் சொல்லத் தோணல. தலகாணி, பாட, வாய்க்கா எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க ஊருப் பொம்பள ரெண்டடி தள்ளி நின்னுகிட்டா. "அய்ய, பாடையில போனதா? எம் பையில படாம எடு"ன்னா.

பாய் அவளப் பாத்து, "ஒங்களுக்கு என்ன வேணுமோ மொதல்ல வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்பறம் நம்பரு தெரியுறதத் தனியா எடுத்து வச்சாரு. மத்தத என் பக்கம் தள்ளுனாரு.

"இத கம்பெனிக்காரன் வாங்க மாட்டாம்மா. நான் வாங்கிக்கிட்டா என் தலையிலதான் விழும். நானும் கடன்லதான் ஓட்டுறேன்."

"நல்லா இருக்குறதுக்கு என்ன வருங்க?"

"பருப்புன்னா ரெண்டு கிலோ வரும். அப்ப எண்ணெ வராது."

"எண்ணெ இல்லாம காரியச் சமையல் ஆவாதுங்களே."

"ஆவாதும்மா." கொஞ்சம் யோசிச்சுட்டு, "சக்கரையும் டீத்தூளும்னா ஏஜெண்டு வெலைக்குப் போட்டுத் தரலாம். ஊருக்கே ஒரு டம்ளர் ஊத்துற அளவுக்கு வரும். சாப்பாடு ஆவாது. டீதான்."

ரெண்டு கிலோ பருப்ப வச்சுகிட்டு அப்பா என்ன பண்ணுவாரு, மிச்சத்துக்குக் கையெழுத்துதான் போடுவாருன்னு தோணுச்சு. "டீயே குடுங்க"ன்னேன். சொல்லிட்டு எனக்கே பயமா இருந்துச்சு. அம்மா காரியத்துக்கு டீத்தண்ணி. பாய் கட்டிக் குடுத்துட்டு, ஒரு துண்டு இஞ்சியத் தனியா மடிச்சு உள்ள வச்சாரு. அதுக்கு அவரு கூப்பன் எடுத்துக்கல.

அப்பாகிட்ட கூப்பன் மாத்திட்டேன்னு மட்டும் சொன்னேன். தலகாணி மேட்டூருத் தண்ணியோட போயிருக்கும்னு அவரு நெனச்சிருந்தாரு. பெட்டியில கொஞ்சம் இருந்துச்சுன்னு அவரா நெனச்சுகிட்டாரு. "டீ மட்டும் குடுத்தா ஒம் மாமன் என்னைய மனுசனா மதிப்பானா?"ன்னாரு. "கையெழுத்துப் போட்டா மட்டும் மதிப்பாங்களா?"ன்னேன். அப்பா காரியஸ்தர் வீட்டுக்குப் போகல.

பதினாறாம் நாளு மாமா, மாமா பொண்டாட்டி, அவங்க ஊரு ஆளுங்க வேன்ல வந்தாங்க. சாங்கியமெல்லாம் வாய்க்காக் கரையில முடிஞ்சுது. அம்மாகூட நடவுக்குப் போன பொம்பளைங்களும் வந்திருந்தாங்க. பெரியவரு காதுக்குப் போனா போகட்டும்னு வந்தாங்க. நான் வாசல்ல கல்லு வச்சு அண்டாவுல டீ போட்டேன். பால் இல்ல, இஞ்சி தட்டிப் போட்ட டீ. மாமா பந்திக்கு எல எங்கன்னு பாத்தாரு. அப்பா தலையக் குனிஞ்சுகிட்டு, "டீ மட்டுந்தான் மாப்ள. என்னால ஆனது இதுதான்"ன்னாரு.

மாமாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "எங்கக்காவுக்கு வெறும் டீத்தண்ணியா மச்சான்?"ன்னாரு. ஆனாலும் டம்ளர வாங்கிட்டாரு. வாயில வைக்கப் போறப்ப மாமா பொண்டாட்டி கையத் தட்டி விட்டாங்க.

"குடிக்காதீங்க. பாடையில போன தலகாணியத் தண்ணியிலேருந்து எடுத்து, அதுல இருந்த சீட்டப் போட்டு வாங்குன சக்கரை இது. இந்தப் புள்ளயே கடையில சொல்லியிருக்கா. ஊரு பூரா தெரியும். நமக்குத்தான் தெரியல."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அப்பாவும் பாத்தாரு. வாங்குன டம்ளர ஒவ்வொருத்தரா தரையில வச்சாங்க. இப்ப இவங்க எல்லாரும் எழுந்து போயிருவாங்க, அப்பா நேரா காரியஸ்தர்கிட்டதான் போவாருன்னு நெனச்சேன். கரண்டியப் புடிச்சுகிட்டு அப்படியே நின்னேன்.

அப்பா வந்தாரு. அடிக்கப் போறாருன்னுதான் நெனச்சேன். மாமா கீழ வச்ச டம்ளர எடுத்தாரு.

"எம் பொண்டாட்டி அடுப்புல கைய விட்டு எடுத்துச் சேத்தது. எனக்கென்ன தீட்டு"ன்னு சொல்லிட்டுக் குடிச்சாரு. சூடு ஆறல, அப்படியே குடிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. சூட்டுக்கா என்னன்னு தெரியல.

நடவுப் பொம்பளைங்கள்ல மூத்தவங்க முன்னால வந்தாங்க. "எனக்கு ரெண்டு டம்ளரா ஊத்து. உசுரோட இருந்தப்ப அவ ஒரு வாய் டீ குடுத்ததில்ல, கவரத்தான் கேட்டா"ன்னாங்க. யாரோ சிரிச்சாங்க, சிரிப்பு அழுவையாப் போச்சு. அவங்க எல்லாரும் வாங்கிக் குடிச்சாங்க. மாமா குடிக்கல. எங்கிட்ட வந்து தலையில கை வச்சாரு, அப்பறம் எடுத்துட்டாரு. கோடித் துணிய அப்பா கையில குடுக்காம சுவரோரமா வச்சுட்டு வேன்ல ஏறிட்டாரு.

பொழுது சாயறப்ப காரியஸ்தர் பத்திரத்தோட வந்தாரு. கீழ கெடந்த டம்ளரெல்லாம் பாத்தாரு.

"என்னய்யா, காரியத்த டீயில முடிச்சிட்டியாமே?"

"முடிஞ்சிருச்சுங்க. கையெழுத்து வேணாம்னு பெரியவருகிட்ட சொல்லிருங்க."

"இது எவ்வளவு நாளைக்குன்னு பாப்போம்"ன்னு சைக்கிளத் திருப்புனாரு.

கேசு இன்னும் நடக்குது. மாமா அதுக்கப்பறம் வரல. எனக்குத் தீவாளிக்குத் துணி எடுத்துக் குடுக்குறதா அம்மாகிட்ட சொல்லியிருந்தாரு, அதும் இல்ல. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு வீட்டுலயும் சின்னப் புள்ளைங்க இருக்கு, தீட்டுன்னா பயப்படத்தான் செய்வாங்க.

காரியம் முடிஞ்ச மறுநாளு காலையில நானும் அப்பாவும் வயலுக்குப் போனோம். மடையத் தெறந்தாரு. தண்ணி உள்ள பாஞ்சு வயலு நெறைஞ்சுச்சு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாத அந்த நாளுல நாங்க நாத்து விடல. போர்செட்டு வச்சிருக்குறவங்ககிட்ட நாத்து இருக்கு, அவங்க எல்லாம் பெரியவரு ஆளுங்க. சுத்துவட்டாரத்துல எல்லா வயல்லயும் நடவு நடக்குது. எங்க வயல்ல தண்ணி மட்டும் நிக்குது. யாருகிட்டப்பா நாத்து கேக்குறதுன்னு கேட்டேன். அப்பா வரப்புல ஒக்காந்துட்டாரு. நானும் பக்கத்துல ஒக்காந்தேன்.